விதைத்தவர் காணாத அறுவடை



தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான். பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். தென்னை சில ஆண்டுகளில் காய்த்துவிடும். பனையோ பலன் தர ஒரு தலைமுறைக் காலம் எடுத்துக்கொள்ளும். இருந்தும் நம் ஊர்களில் ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் பனைகள் நிற்கின்றன. யாரோ வைத்தார்கள், தாம் தின்னப் போவதில்லை என்று தெரிந்தே வைத்தார்கள்.

இன்றோ எந்த வேலையைத் தொடங்கினாலும் முதலில் எழும் கேள்வி, “இதனால் எனக்கு என்ன கிடைக்கும்? எப்பொழுது கிடைக்கும்?” என்பதே. இக்கேள்வி தவறானதன்று. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் வீட்டு வாடகையும் நாளைக்கு என்று தள்ளி வைக்கக் கூடியவை அல்ல. ஆயினும் இந்தக் கேள்வி ஒன்றே மனிதனை நடத்தத் தொடங்கிவிட்டால் உலகில் எவை எவை இல்லாமல் போகும் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தாம் இறந்த பிறகே முடியும் என்று அறிந்தும் ஒரு வேலையைத் தொடங்கிய சிலரைப் பற்றி இம்மாதம் சிந்திப்போம். அவர்களுள் தாவரவியல் அறிஞர் உண்டு. இயற்பியல் பேராசிரியர் உண்டு. கோவில் கட்டிய கொத்தர் உண்டு. பட்டினியால் மடிந்த விதைக் காவலரும் உண்டு.

மண்ணுக்குள் இருபது புட்டிகள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வேளாண்மைக் கல்லூரி ஒன்று இருந்தது. அதுவே இன்று மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ளது. அங்கே தாவரவியல் பேராசிரியராக இருந்தவர் வில்லியம் ஜேம்ஸ் பீல். அவரை ஒரு கேள்வி ஆட்கொண்டது. அது உழவர்கள் எல்லாருக்கும் உரிய கேள்வி: எத்தனை முறை களை பறித்தாலும் மறுபடி மறுபடி முளைக்கிறதே, மண்ணுக்குள் கிடக்கும் களை விதை எத்தனை ஆண்டுகள் உயிரோடிருக்கும்?

இதற்கு விடை காண அவர் ஒரு வழி கண்டார். 1879ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் 20 கண்ணாடிப் புட்டிகளை எடுத்தார். 21 வகைச் செடிகளின் விதைகளை, வகைக்கு 50 வீதம் எண்ணி, ஈர மணலோடு கலந்து ஒவ்வொரு புட்டியிலும் நிரப்பினார். புட்டிகளை மூடவில்லை, மழைநீர் உள்ளே தேங்காதிருக்க வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்துக் கல்லூரி நிலத்தில் புதைத்தார். ஐந்தாண்டுக்கு ஒன்றாகத் தோண்டி எடுத்து, உள்ளே இருக்கும் விதைகளை விதைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய திட்டம்.

கணக்கிட்டுப் பாருங்கள். புட்டிகள் இருபது, ஐந்தாண்டுக்கு ஒன்று, ஆக நூறு ஆண்டுகள். அப்போது பீலுக்கு வயது 46. கடைசிப் புட்டியைத் தாமே திறக்க வேண்டுமானால் அவர் 146 வயது வரை வாழ்ந்திருக்க வேண்டும்! இந்தக் கணக்குப் பேராசிரியருக்குத் தெரியாததன்று. தெரிந்துதான் இருபதையும் புதைத்தார்.

அவர் திறந்தவை ஆறு புட்டிகள். 1910இல், 77ஆம் வயதில், பணி ஓய்வு பெற்றபோது எஞ்சியவற்றை இளைய பேராசிரியர் ஹென்றி டார்லிங்டனிடம் ஒப்படைத்தார். 1924இல் பீல் காலமானார். டார்லிங்டனுக்குப் பின் வேறொருவர், அவருக்குப் பின் மற்றொருவர் என்று பொறுப்புக் கைமாறி வந்தது. புட்டிகள் இருக்கும் இடம் வெளியாருக்குத் தெரியாது. யாரும் தோண்டிக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக, ஒரு வரைபடத்தில் மட்டும் அது குறிக்கப்பட்டு, கையிலிருந்து கைக்கு வந்துகொண்டிருக்கிறது.

இதில் நம்மை வியக்க வைக்கும் செய்தி ஒன்று உண்டு. பின்வந்தவர்கள் பொறுமை இழந்து எல்லாப் புட்டிகளையும் ஒருசேரத் தோண்டியிருக்கலாம். “நம் காலத்திலேயே முடிவு தெரியட்டும்” என்று எண்ணியிருக்கலாம். அவர்கள் செய்ததோ இதற்கு நேர்மாறானது. சில வகை விதைகள் இன்னும் உயிரோடிருப்பதைக் கண்டு, 1920இல் ஐந்தாண்டு இடைவெளியைப் பத்தாண்டாக நீட்டினார்கள். 1980இல் பத்தை இருபதாக்கினார்கள். ஒவ்வொரு முறை நீட்டியபோதும், முடிவைக் காணும் வாய்ப்பைத் தாமே விட்டுக்கொடுத்தார்கள்.

2020இல் அடுத்த புட்டியைத் தோண்டியிருக்க வேண்டும். கொரோனாத் தொற்றினால் பல்கலைக்கழகம் மூடப்பட்டதால் அது ஓராண்டு தள்ளிப் போயிற்று. 2021 ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள், பொழுது விடியும் முன், மூத்த பேராசிரியர் பிராங்க் டெலெவ்ஸ்கியும் அவருடைய இளைய தோழர்களும் மண்வெட்டியோடு புறப்பட்டனர். வெளிச்சம் பட்டால் உறங்கும் விதை விழித்துக்கொள்ளக் கூடும். எனவேதான் இருட்டில் தோண்டுவது வழக்கம். வரைபடத்தைப் பார்த்துப் பார்த்துத் தோண்டி, பதினாறாவது புட்டியைக் கண்டெடுத்தனர். அதிலிருந்த விதைகள் தட்டிலிட்ட மண்ணில் தூவப்பட்டன. சில நாட்களில் பசுமையாக ஒரு முளை தலை நீட்டிற்று. வெர்பாஸ்கம் என்னும் களைச்செடி அது. 141 ஆண்டுகள் இருளில் கிடந்த விதை, நீரும் ஒளியும் கிடைத்தவுடன் நேற்று விழுந்த விதைபோல் எழுந்து நின்றது.

உழவனின் கேள்விக்கு இது ஒரு விடை. அதற்கும் மேலாக, ஓரிடத்தில் அழிந்துபோனதாக நாம் கருதும் செடியின் விதை அந்த மண்ணிலேயே இன்னும் உறங்கிக்கொண்டிருக்கலாம் என்ற நம்பிக்கையையும் இது தருகின்றது. இன்னும் நான்கு புட்டிகள் மண்ணில் இருக்கின்றன. அடுத்தது 2040இல், கடைசி 2100இல். அந்தக் கடைசிப் புட்டியை எடுக்கப் போகிறவர் பெரும்பாலும் இன்னும் பிறந்திருக்க மாட்டார். அவருக்காக ஒரு வரைபடம் காத்திருக்கிறது.

துளி விழும் நேரம்

இனி ஆஸ்திரேலியாவுக்குச் செல்வோம். பிரிஸ்பேன் நகரின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் என்ற இயற்பியல் பேராசிரியர் இருந்தார். கண்ணுக்குத் தெரிவது எல்லாம் உண்மையல்ல என்பதை மாணவருக்குக் காட்ட விரும்பினார். அதற்காக அவர் எடுத்துக்கொண்ட பொருள் கீல். படகின் பலகை இடுக்குகளில் நீர் புகாமல் பூசும் கரிய பொருள் அது. சுத்தியலால் அடித்தால் கண்ணாடிபோல் நொறுங்கும். ஆனால் அது திடப்பொருளன்று, மிக மிக மெல்ல ஓடும் திரவம் என்று அவர் கூறினார்.

1927இல் கீலைக் காய்ச்சி, அடி மூடிய கண்ணாடிப் புனல் ஒன்றில் ஊற்றினார். அது படிந்து அமைவதற்கே மூன்று ஆண்டுகள் விட்டு வைத்தார். 1930இல் புனலின் அடியை வெட்டித் திறந்தார். கீல் இறங்கத் தொடங்கிற்று. முதல் துளி விழுந்தது எப்போது தெரியுமா? 1938இல்! இரண்டாம் துளி 1947இல். அடுத்த ஆண்டு பார்னெல் காலமானார். ஓடும் நீரைவிட ஏறக்குறைய 23,000 கோடி மடங்கு பிசுப்பு உடையது கீல் என்று அந்தச் சோதனையிலிருந்து பிறகு கணக்கிட்டார்கள்.

பார்னெலுக்குப் பின் அந்தப் புனல் அலமாரி ஒன்றில் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1961இல் அங்கே பணியில் சேர்ந்த ஜான் மெயின்ஸ்டோன் அதைக் கண்டார். அன்று முதல் அதன் காவலரானார். 52 ஆண்டுகள்! அவர் காலத்தில் ஐந்து துளிகள் விழுந்தன. ஐந்தில் ஒன்றையேனும் விழும்போது அவர் கண்ணால் காணவில்லை என்பதே நாம் சொல்ல வந்த செய்தி.

1979இல் துளி விழும் நிலையில் இருந்தது. வார இறுதியிலும் வந்து காத்திருந்து பார்த்தார். களைத்து வீடு திரும்பினார். அவர் இல்லாதபோது விழுந்துவிட்டது. 1988இல் அந்நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் புனல் வைக்கப்பட்டிருந்தது. ஏதேனும் குடித்துவிட்டு வரலாம் என்று ஐந்து நிமிடம் வெளியே போனார். திரும்பி வருவதற்குள் விழுந்துவிட்டது. 2000இல் அவர் வெளிநாட்டில் இருந்தார், ஒளிப்படக் கருவி பார்த்துக்கொள்ளும் என்று நம்பினார், அக்கருவி பழுதாயிற்று.

இவ்வளவுக்குப் பிறகு மனம் கசந்து விலகியவர் அல்லர் அவர். 2013 ஜூலையில், அயர்லாந்தின் டப்ளின் நகரிலுள்ள டிரினிட்டிக் கல்லூரியில், 1944 முதல் நடந்துவந்த இதே போன்ற சோதனையில் துளி விழும் காட்சி முதன்முறையாகப் படமாக்கப்பட்டது. தம் புனலில் காணாததை, வேறொருவர் புனலில், படத்தில் கண்டு மகிழ்ந்தார் மெயின்ஸ்டோன். அடுத்த மாதமே அவர் காலமானார். அவருடைய புனலின் ஒன்பதாவது துளி 2014 ஏப்ரலில் பிரிந்தது. இம்முறை கருவிகள் பழுதாகவில்லை, காத்திருந்தவரோ இல்லை.

நெபோ மலையின் உச்சியில் நின்று, தாம் கால் பதிக்கப் போகாத நாட்டைக் கண்ணால் மட்டும் கண்ட மோசேயை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. மோசே தோற்றவர் என்று நாம் யாரும் சொல்வதில்லை. நாற்பது ஆண்டுகள் மக்களை நடத்தி வந்தவர் அவர். யோசுவாவிடம் பொறுப்பை ஒப்படைத்தவர் அவர். மெயின்ஸ்டோனும் தோற்றவர் அல்லர். அவர் அலமாரியைத் திறந்திராவிட்டால் 2014இல் பார்ப்பதற்கு ஒன்றுமே இருந்திராது.

நின்றுபோன பேராலயம்

நம் திருச்சபைக்கு இத்தகைய பொறுமை புதிதன்று. ஜெர்மனியின் கொலோன் நகரில், மூவரசர்களின் திருப்பண்டங்களை வைத்துப் போற்றுவதற்கென ஒரு பேராலயம் எழுப்ப எண்ணி, 1248ஆம் ஆண்டு அன்னையின் விண்ணேற்பு விழாவன்று அடிக்கல் நாட்டினார்கள். மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்று தலைமுறை தலைமுறையாகக் கொத்தர்கள் கல் செதுக்கினார்கள். ஆனால் 16ஆம் நூற்றாண்டில் பணமும் ஆர்வமும் வற்றி வேலை நின்றுபோயிற்று. பாதியில் நின்ற கோபுரத்தின் மேல், கல் தூக்கும் மரப் பாரந்தூக்கி அப்படியே நின்றது. ஒரு நாளன்று, இரு நாளன்று. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அது அந்த நகரின் அடையாளமாகவே நின்றது.

முடியாத வேலைக்கு அது சாட்சியாக நின்றது என்று சிலர் நகைத்திருக்கலாம். ஆனால் 1814இல் ஒரு விந்தை நிகழ்ந்தது. இடைக்காலச் சிற்பிகள் தோலில் வரைந்த முகப்பின் வரைபடத்தில் ஒரு பாதி டார்ம்ஷ்டாட் நகரில் கிடைத்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மறு பாதி பாரிஸ் நகரில் கிடைத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, அந்தப் பழைய சிற்பிகள் எண்ணிய கோபுரங்கள் முழுமையாகத் தெரிந்தன. 1842இல் வேலை மீண்டும் தொடங்கிற்று, 1880இல் முடிந்தது. அடிக்கல்லிலிருந்து 632 ஆண்டுகள்.

எண்ணிப் பாருங்கள். பீலின் வரைபடம் கையிலிருந்து கைக்கு வந்தது. கொலோனின் வரைபடமோ இடையில் தொலைந்து, பிறகு கண்டெடுக்கப்பட்டது. தொலைந்திருந்த காலமெல்லாம் வேலை நின்றது. கற்களுக்குக் குறைவிருந்ததில்லை; எண்ணத்தை ஏந்தி வருபவர் இல்லை.

அதே ஜெர்மனியில் ஹால்பர்ஷ்டாட் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே புனித புர்கார்டி ஆலயம் ஒரு காலத்தில் சிஸ்டர்சியன் கன்னியரின் மடத்துக் கோவிலாக இருந்தது. 1810இல் அரசு மடத்தை எடுத்துக்கொண்டது. பிறகு அது களஞ்சியமாகவும், சாராயம் காய்ச்சும் இடமாகவும், பன்றித் தொழுவமாகவும்கூட ஆயிற்று. அந்தப் பாழடைந்த கோவிலில் இன்று ஓர் ஆர்கன் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1987இல் ஆர்கனுக்கென ஓர் இசைக்கோவை அமைத்தார். எவ்வளவு மெல்ல முடியுமோ அவ்வளவு மெல்ல வாசிக்க வேண்டும் என்பதே அதற்குரிய கட்டளை. எவ்வளவு மெல்ல? ஆர்கன் உடையாமல் நிற்கும் வரை வாசிக்கலாமே என்று இசைவாணர் சிலர் எண்ணினார்கள். ஹால்பர்ஷ்டாட் பேராலயத்தில் 1361இல் புகழ்பெற்ற ஓர் ஆர்கன் அமைக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து 2000ஆம் ஆண்டு வரை 639 ஆண்டுகள். அவ்வாறே வரும் 639 ஆண்டுகள் வாசிப்பது என்று முடிவு செய்தார்கள். 2001 செப்டம்பரில் வாசிப்புத் தொடங்கிற்று. இசைக்கோவை மௌனத்தோடு தொடங்குவதால், 17 மாதங்கள் துருத்தியின் மூச்சு மட்டும் கேட்டது. 2003 பிப்ரவரியில் முதல் ஒலி எழுந்தது. விரலால் அழுத்தி நிற்க யாரால் முடியும்? ஆதலால் மணற்பைகள் கட்டைகளை அழுத்திப் பிடித்திருக்கின்றன. ஒலி மாறும் நாளில் மட்டும் மக்கள் திரண்டு வருகிறார்கள். 2013க்குப் பின் அடுத்த மாற்றம் 2020இல்தான் வந்தது. 2024 பிப்ரவரியில் மற்றொன்று. வாசிப்பு முடியும் ஆண்டு 2640.

இது வீண் வேலை என்று சொல்வோர் உண்டு. அவர்கள் சொல்வதை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. பசித்தவர்கள் நிறைந்த உலகில் அறுநூறு ஆண்டு ஒலிக்கும் ஆர்கன் எதற்கு? களைவிதை எதற்கு? கீல் எதற்கு? இன்றைய பசிக்கு முன் நாளைய நன்மையைப் பற்றிப் பேசுவது ஒருவகைக் கொடுமை அல்லவா?

இக்கேள்விக்கு நம்மால் விடை சொல்ல இயலாது. பசியால் இறந்தவர்கள் சிலரே விடை சொல்லத் தகுதி உடையவர்கள். அவர்களிடம் போவோம்.

அரிசி நடுவில் பட்டினி

இரஷ்ய நாட்டு அறிஞர் நிக்கோலாய் வவிலோவ், உலகின் பஞ்சங்களைக் கண்டு மனம் வருந்தியவர். மனிதன் உண்ணும் பயிர்கள் முதலில் எங்கெங்கே தோன்றினவோ அங்கெல்லாம் போய் அவற்றின் பல்வேறு வகைகளைச் சேகரித்து வைத்தால், நோயும் வறட்சியும் தாங்கும் பயிர்களை உருவாக்கிப் பஞ்சத்தை ஒழிக்கலாம் என்று நம்பினார். பல கண்டங்களில் அலைந்தார். கோதுமை, நெல், சோளம், உருளைக்கிழங்கு, பயறு என்று இலட்சத்துக்கும் மேற்பட்ட வகைகள் லெனின்கிராட் நகரில் அவருடைய ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தன.

1940இல் அரசின் சினத்துக்கு ஆளாகி வவிலோவ் கைது செய்யப்பட்டார். 1941 செப்டம்பரில் ஜெர்மன் படை நகரை முற்றுகையிட்டது. 1944 ஜனவரி வரை, 872 நாட்கள் அந்த முற்றுகை நீடித்தது. முதல் குளிர்காலத்தில், உடல் உழைப்பில் ஈடுபடாதவர்களுக்கு நாள் ஒன்றுக்கு 125 கிராம் ரொட்டியே கிடைத்தது. அதிலும் கலப்படம் மிகுதி. தெருவில் நடந்தவர்கள் நடந்தபடியே விழுந்து இறந்தார்கள்.

அந்த நகரின் நடுவில், ஓர் இருண்ட, குளிர்ந்த கட்டடத்தில் மூட்டை மூட்டையாகத் தானியம் இருந்தது. அதைக் காத்தவர்கள் பட்டினி கிடந்தார்கள். எலிகளை விரட்டினார்கள். உருளைக்கிழங்கு உறைந்துவிடாதபடி, கிடைத்ததை எல்லாம் எரித்து அறையைச் சூடாக்கினார்கள். அறைக்குள் தனியே யாரும் போவதில்லை என்று ஒழுங்கு வைத்துக்கொண்டார்கள். தம்மைத் தாமே நம்பாத அளவுக்குப் பசி இருந்தது! நிலக்கடலை வகைகளுக்குப் பொறுப்பாளராக இருந்தவர் தம் மேசை முன்னாலேயே இறந்தார். நெல் வகைகளின் காப்பாளர் பட்டினியால் இறந்தபோது அவரைச் சுற்றி ஆயிரக்கணக்கான பொட்டலங்களில் நெல் இருந்தது. ஒரு பிடியும் குறையவில்லை.

இதைச் சிந்திக்கும்போது மனத்தில் ஒரு முள் குத்துகிறது. வெளியே பிள்ளைகள் இறந்துகொண்டிருந்தார்களே, அந்தத் தானியத்தைப் பங்கிட்டுக் கொடுத்திருக்கக் கூடாதா? இந்தக் கேள்வியை நாம் மறைக்க விரும்பவில்லை. இலட்சக் கணக்கானோர் பட்டினி கிடந்த நகரத்துக்கு அத்தானியம் எத்தனை நாள் வந்திருக்கும் என்பதும், பல்வேறு நாடுகளின் உழவர்கள் பல நூற்றாண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த வகைகள் போனால் போனவைதாம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆயினும் ஒரு தாயின் கண்ணீருக்கு முன் இந்தக் கணக்கைச் சொல்ல நமக்கு நா எழாது. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். அவர்கள் பிறருடைய பசியைச் செலவிட்டுத் தம் வயிற்றை நிரப்பியவர்கள் அல்லர். தம் உயிரையே விதைநெல்லுக்கு வேலியாக வைத்தவர்கள். எவ்வளவு பசித்தாலும் விதைநெல்லைக் குத்தி உண்ணாத உழவனை நாம் அறிவோம். அந்த உழவனின் அறத்தை அவர்கள் இறுதி வரை காத்தார்கள்.

வவிலோவ் 1943 ஜனவரியில், சராட்டோவ் நகரச் சிறையில் மெலிந்து இறந்தார். பஞ்சத்தை ஒழிக்கப் புறப்பட்டவருக்குப் பட்டினிச் சிறை! அவர் சேகரித்த விதைகளோ பிழைத்தன. போருக்குப் பின் அவற்றிலிருந்து புதிய பயிர் வகைகள் உருவாக்கப்பட்டன. அவற்றின் பயனை உண்டவர்கள், அந்த நெல் காப்பாளரின் பெயரைக்கூட அறிய மாட்டார்கள்.

இதே எண்ணம் இன்று வேறொரு வடிவில் வாழ்கிறது. நார்வே நாட்டின் வடகோடியில், ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், என்றும் உறைந்திருக்கும் மலையைக் குடைந்து 2008இல் ஒரு விதைக் களஞ்சியம் திறந்தார்கள். உலக நாடுகள் தத்தம் விதைகளின் மறுபிரதிகளை அங்கே அனுப்பி வைக்கின்றன. மைனஸ் 18 பாகை குளிரில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வகைகள் அங்கே உறங்குகின்றன. வைத்தவருக்கே அவை உரியவை; வேறெவரும் தொடுவதில்லை. பேரழிவு நேர்ந்தால்தான் இது பயன்படும் என்று எல்லாரும் எண்ணியிருந்தனர். ஆனால் ஏழே ஆண்டுகளில் அத்தேவை வந்துவிட்டது. சிரியா நாட்டின் அலெப்போ நகருக்கு அருகில், வறண்ட நிலப் பயிர்களுக்கான ஆராய்ச்சி நிலையம் ஒன்று உள்நாட்டுப் போரில் சிக்கிக்கொண்டது. அங்கிருந்தவர்கள் முன்யோசனையோடு தம் விதைகளின் பிரதிகளை ஸ்வால்பார்டுக்கு அனுப்பியிருந்தார்கள். 2015இல் அவற்றுள் சுமார் 38,000 மாதிரிகளைத் திரும்பப் பெற்று, லெபனானிலும் மொரோக்கோவிலும் விதைத்துப் பெருக்கினார்கள். 2017இல் புதிய விதைகளை மறுபடியும் மலைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். எடுத்ததைத் திருப்பி வைக்கும் அந்த நேர்மையைக் கவனியுங்கள். தங்களைக் காப்பாற்றியது அடுத்தவரையும் காப்பாற்ற வேண்டும் அல்லவா?

நம் கையில் இருப்பது

புட்டியும் புனலும், பேராலயமும் ஆர்கனும், விதைக் களஞ்சியமும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவைபோல் தோன்றலாம். ஆயினும் இவை அனைத்தையும் தாங்கி நிற்பது ஒன்றே. அது ஒருவர் மற்றொருவரிடம் நம்பி ஒப்படைப்பது. மற்றவர் அதைத் தம் காலத்தில் கெடாமல் காத்து, அடுத்தவரிடம் தருவது. தொடங்கியவரின் பெயரை உலகம் நினைவில் வைக்கிறது. முடித்தவருக்கு மாலை விழுகிறது. நடுவில் நின்று காத்தவரை யாரும் பேசுவதில்லை. ஆனால் நடுவில் ஒரே ஒரு தலைமுறை கைவிட்டால் போதும். தொடங்கியவரின் உழைப்பும் வீண், முடிப்பவருக்கு வேலையும் இல்லை.

நம்மில் பெரும்பாலோர் இந்த நடுவில் நிற்பவர்கள். நாம் தொடங்கியவையும் குறைவு. முடிக்கப் போகின்றவையும் குறைவு. நம் தாய் தந்தையர் நமக்குத் தந்தார்கள். நாம் நம் பிள்ளைகளுக்குத் தர வேண்டும். பாட்டி சொல்லிக் கொடுத்த மாலைச் செபம், தாத்தா அறிந்திருந்த செடிகொடிகளின் பெயர்கள், வீட்டுக்கு வந்தவரைப் பசியோடு அனுப்பாத வழக்கம், வாங்கிய கடனை வட்டியோடு தீர்த்த நாணயம், இவையெல்லாம் நம் கைக்கு வந்த வரைபடங்கள். இவற்றை நாமே தொலைத்துவிட்டு, பிள்ளைகளிடம் இல்லையே என்று குறைப்படுவது எவ்வகையில் முறை?

அன்புப் பெற்றோரே, இம்மாதத்தில் ஒரு மாலைப்பொழுது தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் ஒதுக்கி வைத்துவிட்டுக் குடும்பத்தோடு உட்காருங்கள். வீட்டில் மூத்தவர் யாரோ அவரிடம், “உங்களுக்கு உங்கள் பெற்றோர் தந்ததில் நாங்கள் இன்னும் வாங்கிக்கொள்ளாதது எது?” என்று கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு பிள்ளை ஏட்டில் எழுதட்டும். நிலமுள்ளவர்கள் ஒரு பனங்கொட்டையை ஊன்றுங்கள். ஊன்றிய நாளையும் இடத்தையும் ஒரு தாளில் குறித்து, குடும்ப விவிலியத்துக்குள் வையுங்கள். நிலமில்லாதவர்கள், ஒரு நல்ல பழக்கத்தை ஒரு பிள்ளையின் மனத்தில் ஊன்றுங்கள். அதற்கு நாள் குறிக்கத் தேவையில்லை.

அந்தப் பனை காய்க்கும் நாளில் நாம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதன் நுங்கை யாரோ ஒரு பிள்ளை வெட்டித் தின்னும். யார் வைத்த மரம் என்று அது கேட்காமலும் போகலாம். கேட்காவிட்டால் என்ன? நாம் ஏரிக்கரைப் பனையில் நுங்கு தின்றபோது, வைத்தவர் யாரென்று கேட்டோமா?